கள்ளந்திரிக்குக் கீழே கன அடிக் கணக்கு

வைகை அணையின் நீரை மதுரைப் பக்கத்து வயல்களுக்குக் கொண்டுவரும் பெரியாறு பிரதான கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை உள்ள நிலங்களுக்கு இருபோகம், கள்ளந்திரிக்குக் கீழே மேலூரையும் தாண்டி விரியும் நிலங்களுக்கு ஒருபோகம் என்பது பழைய ஏற்பாடு. இருபோகப் பகுதி 45,041 ஏக்கர் என்றும், ஒருபோகப் பகுதி 85,563 ஏக்கர் என்றும், திருமங்கலம் பிரதான கால்வாயின் 19,439 ஏக்கரையும் சேர்த்தால் ஒருபோகம் மொத்தம் 1,05,002 ஏக்கர் என்றும் அரசாணைகள் ஆண்டுதோறும் கடைசி இலக்கம் பிசகாமல் சொல்லிவருகின்றன. எங்கள் ஊர் கள்ளந்திரிக்குக் கீழே ஒரு கிளைக்கால்வாயின் கடைமடையில் இருக்கிறது. கண்மாய்ப் பாசன சங்கத்தின் செயலாளராக இந்த எண்களோடு பழகிய பிறகு எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்றை மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். எங்கே அளப்பது, எப்போது அளப்பது, எந்த அலகில் சொல்வது என்ற மூன்றையும் யார் தீர்மானிக்கிறாரோ, அவர் தண்ணீர்ப் பங்கீட்டின் பெரும்பகுதியை மதகு திறப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுகிறார்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த எண்ணை எடுத்துக்கொள்கிறேன். ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் வைகை அணையின் நீர்மட்டத்தைச் சொல்வார்கள். 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. கொள்ளளவு 6,091 மில்லியன் கன அடி, அதாவது ஏறக்குறைய 6.1 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி). 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று கரையோர ஊர்களுக்கு அறிவிப்பு வருவதால், அணையை அடிக்கணக்கில் நினைப்பதே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் நாற்று பாவலாமா என்று முடிவெடுக்க வேண்டிய விவசாயிக்கு அடிக்கணக்கு போதாது. நீர்த்தேக்கத்தின் அடிப்பகுதி குறுகியது, மேல்பகுதி அகன்றது. எனவே 35 அடியில் நிற்கும் அணையில் பாதித் தண்ணீர் இருப்பதில்லை, அதைவிட வெகு குறைவாகவே இருக்கும். அதேபோல 60 அடிக்கு மேல் ஏறும் ஒவ்வோர் அடியும், கீழே ஏறிய ஓர் அடியைவிடப் பல மடங்கு நீரைக் கொண்டது. செய்தியில் நீர்மட்டத்துக்கு அடுத்த வரியில் ‘இருப்பு’ என்று மில்லியன் கன அடியில் ஓர் எண் வரும். பலர் கடந்துபோகும் அந்த வரியைத்தான் எங்கள் சங்கத்தில் கரும்பலகையில் எழுதி வைக்கிறோம்.

இதே சிக்கல் கண்மாயில் இன்னும் கூர்மையாக வருகிறது. பருவமழைக் காலத்தில் கண்மாய்களை 25 சதவீதம், 50 சதவீதம், 75 சதவீதம், முழுக் கொள்ளளவு என்று வகைப்படுத்தி மாவட்டந்தோறும் அறிக்கை தயாராகிறது. பல கண்மாய்களில் அளவுகோலே கிடையாது. இருக்கும் இடங்களிலும் பாசி படர்ந்து இலக்கங்கள் மறைந்திருக்கும். கரையில் நின்று பார்ப்பவர் மடைத்தூணில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கண்ணால் கணித்துப் பாதி என்று சொன்னால், அது 50 சதவீதம் என்று பதிவாகிவிடும். கண்மாயின் உட்பகுதி கரையோரம் ஆழமாகவும் உள்வாய்ப் பக்கம் போகப் போக மேடாகவும் இருப்பது. ஆழத்தில் பாதி என்றால் கொள்ளளவில் கால்பங்குகூடத் தேறுவதில்லை. அந்த 50 சதவீதத்தை நம்பி ‘உங்கள் கண்மாய் பாதி நிறைந்துவிட்டது, மற்ற ஊருக்குத் திருப்புகிறோம்’ என்று முறை மாற்றினால், கணக்கில் நியாயமாகத் தெரிவது களத்தில் பயிரைக் காயவிடும்.

இதற்காக நாங்கள் செய்தது பெரிய வேலை இல்லை. கோடையில் கண்மாய் வறண்டு கிடந்தபோது, அருகில் உள்ள கல்லூரியின் கட்டடவியல் மாணவர்களை அழைத்து, மட்டக்கருவி வைத்து, மடையின் அடிமட்டத்திலிருந்து, உபரிநீர் வழியும் கலுங்கின் மேல்மட்டம் வரை அரையடிக்கு ஒரு கோடு என்று கண்மாயின் உட்பரப்பை அளக்கச் செய்தோம். எந்த மட்டத்தில் எத்தனை ஏக்கர் பரப்பில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்துவிட்டால், அடுத்தடுத்த இரண்டு பரப்புகளின் சராசரியை அரையடியால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவதுதான் மீதிக் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். அந்த அட்டவணையை மடைக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்டால் எழுதினோம். மடைத்தூணில் புதிதாக அடி, அங்குலக் குறிகளும் இட்டோம். எங்கள் நீர்பாய்ச்சி படிக்காதவர், ஆனால் நாற்பது வருடமாக மடை திறந்து மூடியவர். அட்டவணையை வாசித்துக் காட்டியபோது, “தம்பி, மூணாம் படி தெரிஞ்சா பத்து நாள் தண்ணிதான்னு எங்கப்பாரு சொல்லுவாரு, இதுவும் அதைத்தான் சொல்லுது” என்றார். அவருடைய படிக்கணக்கும் மாணவர்களின் மட்டக்கணக்கும் அநேகமாகப் பொருந்திவந்தன. ஆனால் அவர் கணக்கை எந்த அலுவலகமும் மனுவோடு இணைத்துக்கொள்ளாது, கன அடியில் எழுதிய பிறகு இணைத்துக்கொண்டார்கள் என்பதை நான் வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரின் அறிவு அலுவலகத்தின் அலகில் எழுதப்படும் வரை அறிவாகக் கணக்கில் வருவதில்லை.

அடுத்தது ஓட்டத்தின் கணக்கு. இருபோகத்துக்கு முதல் 45 நாட்கள் விநாடிக்கு 900 கன அடி, அடுத்த 75 நாட்கள் முறை வைத்து (சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி), ஆக 120 நாட்களுக்கு 6,739 மில்லியன் கன அடி என்ற வகையில் ஆணை வருகிறது. அணையின் முழுக் கொள்ளளவே 6,091 என்பதால், நடுவில் பெரியாற்றிலிருந்தும் மழையிலிருந்தும் வரத்து இருக்கும் என்ற நம்பிக்கை அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வரத்து பொய்த்தால் ஆணை நிற்கும், தண்ணீர் நிற்காது. ஒருபோகத்துக்கான ஆணையையும் இதே கண்ணோடு வாசிக்க வேண்டும். மேலும், ஆணையில் உள்ள கன அடி தலைமதகில் விடப்படும் அளவு. அங்கிருந்து எங்கள் வாய்க்கால் வரை வருவதற்குள் கசிவு, ஆவியாதல், கரை உடைப்பு, நடுவழி மோட்டார்கள் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. எடுத்துக்கொண்ட அளவு எந்த ஏட்டிலும் இல்லாததால், ‘உங்களுக்குத் தண்ணீர் விட்டாயிற்று’ என்பதும் ‘எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை’ என்பதும் ஒரே நாளில் இரண்டும் உண்மையாக இருக்க முடிகிறது.

கடைமடைக்காரர்கள் இந்த இடத்தில் குரலை உயர்த்துவதைவிட அளப்பது பலன் தரும். அதற்குக் கருவி வேண்டியதில்லை. வாய்க்கால் நேராகவும் ஒரே அகலமாகவும் ஓடும் இடமாகப் பார்த்து, கரையில் 30 அடி இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட வேண்டும். மேல்குச்சிக்குச் சற்று முன்பாகவே ஒரு முற்றிய தேங்காயை நடுநீரில் விட்டு, அது முதல் குச்சியைக் கடந்து இரண்டாவதைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசியில் பார்க்க வேண்டும். இலை, தக்கை போன்றவை காற்றுக்கு இழுபடும். தேங்காய் பாதிக்கு மேல் அமிழ்ந்து போவதால் காற்று அதிகம் அசைக்காது. இதைச் சில முறை திரும்பச் செய்து சராசரி எடுக்க வேண்டும். அகலத்தையும், மூன்று நான்கு இடங்களில் கழி ஊன்றிப் பார்த்த சராசரி ஆழத்தையும் பெருக்கினால் குறுக்குப் பரப்பு கிடைக்கும். 30 அடியை 20 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு ஒன்றரை அடி. ஆனால் மேற்பரப்பைவிட அடிநீர் மெதுவாக ஓடுவதால் அதை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 10 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள வாய்க்காலில் அப்போது ஓடுவது விநாடிக்கு ஏறத்தாழ 25 கன அடி. ஆய்வகத் துல்லியம் இதில் கிடையாது. பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின்னாக இருக்கலாம். இருந்தாலும், 60 கன அடி வருவதாக ஏட்டில் இருக்கும் வாய்க்காலில் 25 தான் ஓடுகிறது என்று காட்ட அது தாராளமாகப் போதும்.

நாங்கள் இப்படி அளந்ததை ஒரு நோட்டில் தேதி, மணி, ஆழம், விநாடி என்று எழுதி, அளக்கும்போது உடனிருந்த இரண்டு ஆயக்கட்டுதாரர்களிடம் (பாசன நில உடைமையாளர்களிடம்) கையெழுத்து வாங்கினோம். ஒருவர் எங்கள் ஊர், மற்றவர் மேல்வாய்க்கால் ஊர் என்று வைத்துக்கொண்டதுதான் இதில் முக்கியம். மேல்மடைக்காரர் கையெழுத்து இல்லாத கணக்கு எங்கள் தரப்புக் கணக்காகவே நின்றுபோயிருக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு போனபோது பொறியாளர் முதலில் தயங்கினார்; பிறகு மதகுகளைக் கவனிக்கும் பணியாளரான லஸ்கரை அழைத்துக்கொண்டு தாமே வந்து, எங்கள் குச்சிகளுக்கு நடுவே நின்று அளந்து பார்த்தார். வாய்க்காலின் தலைப்பில் இருந்த அளவுகோல் முன் வண்டல் படிந்து தரைமட்டம் உயர்ந்திருந்ததால், ஓட்டம் குறைந்தாலும் கோலில் தண்ணீர் உயரமாகவே தெரிந்தது என்பது அன்றுதான் இரு தரப்புக்கும் விளங்கியது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாய்க்கால் புதிதாக இருந்தபோது போட்ட அட்டவணை, மாறிவிட்ட வாய்க்காலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு தண்ணீர் திறப்பதற்கு முன்பே அந்த இடத்தைச் சுத்தம் செய்தார்கள்.

அலகு மாறினால் ஒரே தண்ணீர் சிறியதாகவும் பெரியதாகவும் தெரியும் என்பதைச் சங்கக் கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. விநாடிக்கு ஒரு கன அடி ஓட்டம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி, அதாவது சுமார் 24 லட்சத்து 47 ஆயிரம் லிட்டர். ஒரு டி.எம்.சி. சேர வேண்டுமானால் ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கன அடி ஓட வேண்டும். இந்த இரண்டும் மனப்பாடமாக இருந்தால் போதும், எந்தச் செய்தியையும் நம் அலகுக்கு மாற்றிக்கொள்ளலாம். மதுரை மாநகருக்கு தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து 125 எம்.எல்.டி. (நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர்) குடிநீர் கொண்டுவரும் திட்டத்தைப் பார்ப்போம். 12 கோடியே 50 லட்சம் லிட்டர் என்று சொன்னால் மலைப்பாக இருக்கிறது. கால்வாய்க் கணக்கில் அது விநாடிக்கு 51 கன அடி. அப்படிச் சொன்னால் ஒரு கிளை வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆண்டு முழுவதும் கூட்டினால் 1.6 டி.எம்.சி., அதாவது வைகை அணையின் முழுக் கொள்ளளவில் கால்பங்குக்கும் மேல். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அத்திட்டத்தை எதிர்த்தபோது ஒவ்வொரு தரப்பும் தனக்கு வசதியான அலகில் பேசியது. என் பார்வையில் நகரத்தின் குடிநீர் உரிமை மறுக்கக் கூடியதில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் மதுரையில்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் நகரத்தவருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், கிராமத்தவருக்கு 55 லிட்டர் என்று திட்ட அளவுகோல்களிலேயே இரண்டு எண்கள் இருக்கும்போது, அந்த 80 லிட்டர் வித்தியாசத்தை யாரும் விவாதிக்காமல் கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை.

சில எண்கள் அளந்து வந்தவை. சில எண்கள் கட்டுமானத்தால் வந்தவை. சில ஒப்பந்தத்தாலும் தீர்ப்பாலும் வந்தவை. இவற்றைப் பிரித்து அறியாமல் மனு எழுதினால் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். வைகைக்கு நீர் அனுப்பும் முல்லைப் பெரியாறு அணையில் 104 அடிக்குக் கீழே உள்ள நீரை, இந்தப் பக்கம் கொண்டுவரும் சுரங்கத்தின் வழியே எடுக்க முடியாது. அது கட்டுமானத்தின் எண். 152 அடி என்பது 1895-இல் முடிந்த அணையின் முழு நீர்மட்டம். 136 என்பது பாதுகாப்புக் குறித்த அச்சத்தில் 1979-இல் இறக்கப்பட்ட அளவு. 142 என்பது 2006-இலும் 2014 மே மாதத்திலும் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவு. அதற்குள்ளும், ஆண்டின் எந்தக் காலத்தில் எவ்வளவு வரை தேக்கலாம் என்று வகுக்கும் ‘ரூல் கர்வ்’ அட்டவணை இருக்கிறது. 142 என்ற வெற்றியைக் கொண்டாடிய எங்களில் பலர் அந்த அட்டவணையைப் படித்ததில்லை, ஆனால் மழை மிகும் நாட்களில் எங்களுக்கு வரும் நீரை அதுவும் சேர்ந்தே நிர்ணயிக்கிறது.

உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமக் கால்வாய் இன்னும் வலி மிகுந்த எடுத்துக்காட்டு. வைகை அணை 67 அடியை எட்டினால்தான் அந்தக் கால்வாயில் தண்ணீர் ஏறும். 71 அடி அணையில் 67 என்பது பெரும்பாலான ஆண்டுகளில் சில வாரங்களே நீடிக்கக் கூடிய உயரம். தலைமுறைக் காலம் கேட்டுப் பெற்ற 2,285 ஏக்கருக்கான கால்வாய், தன் தலைமட்டத்தின் ஒற்றை எண்ணால், அணை நிரம்பும் ஆண்டுகளில் மட்டும் ஓடும் கால்வாயாகிவிட்டது. அங்கே ‘தண்ணீர் திறந்துவிடுங்கள்’ என்று கேட்பதைவிட, 67 அடியில் அணை எத்தனை நாள் நிற்கும்படி இயக்கப்படுகிறது என்று கேட்பதே சரியான கேள்வி என்று அந்தப் பக்கத்து நண்பர்களிடம் சொல்லிவருகிறேன். வைகையின் பூர்வீகப் பாசன நீர் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்ற விகிதம் இன்னொரு வகை; அது எண்ணாக எழுதப்பட்ட உடன்பாடு, அளவைக் கருவிகளால் திருத்த முடியாதது.

ஆயக்கட்டு எண் எங்கள் சங்கத்துக்குள்ளேயே சண்டை மூட்டும் எண். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கரோ அதற்கு மேலோ ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்பது இந்தக் கோட்டால் முடிவாகிறது. பழைய ஏட்டில் உள்ள நிலத்தில் ஒரு பகுதி இன்று வீட்டுமனையாகிவிட்டது. ஆனாலும் ஏட்டில் குறைத்தால் பங்கும் குறையும், கண்மாயே கைமாறலாம் என்ற அச்சத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. ஊர்ப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் எழுதப்படும் பயிர்ப் பரப்பும், கண்மாய்க்குள் இறங்கியிருக்கும் ஆயில் என்ஜின்களின் எண்ணிக்கையும் அப்படியே. எங்கள் பக்கத்து எண்களை மறைத்துக்கொண்டு அரசின் எண்களைக் கேள்வி கேட்பது செல்லாது என்று நான் வாதிட்டபோது கூட்டத்தில் சிலர் எழுந்து போனார்கள். ஆயினும் என்ஜின் வைத்திருப்பவர் பட்டியலை நாங்களே எடுத்து நோட்டில் சேர்த்தோம். மேல்மடை ஊர்கள் எங்கள் நோட்டில் கையெழுத்திட முன்வந்ததற்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம்.

தூர்வாரும் காலத்தில் கன மீட்டர்க் கணக்கு வந்துவிடும். 2017-இல், ஊரார் பங்கேற்று நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்து மீண்டும் தொடங்கிய ஆண்டில், கண்மாய் வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ளலாம் என்றும், நஞ்சைக்கு ஏக்கருக்கு 25 டிராக்டர் லோடு, அதாவது 75 கன மீட்டர், புஞ்சைக்கு 30 லோடு, அதாவது 90 கன மீட்டர் என்றும் வரம்பு வைத்தார்கள். ஆக ஒரு லோடு என்பது ஏட்டில் 3 கன மீட்டர். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மில்லியன் கன அடி என்பது 28,317 கன மீட்டர், அவ்வளவு இடத்தை மீட்க ஏறக்குறைய 9,440 லோடு மண் வெளியேற வேண்டும். சில நூறு லோடு அள்ளிய கண்மாயின் ‘கொள்ளளவு உயர்ந்தது’ என்று எழுதப்படும்போது, எவ்வளவு உயர்ந்தது என்று கேட்க இந்த ஒரு எண் போதுமானது. அதைவிடப் பெரிய கேள்வி, எங்கே அள்ளினார்கள் என்பது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மீனுக்கும் மாட்டுக்கும் நிலத்தடிக்கும் உதவும், ஆனால் மடை வழியாக ஒரு சொட்டும் வயலுக்கு வராது. கரையோரம் ஆழமாக அள்ளுவது இயந்திரத்துக்கு எளிது, லோடு கணக்கும் விரைவில் நிறையும். பாசனத்துக்குத் தேவையானது மடைமட்டத்துக்கும் கலுங்கு மட்டத்துக்கும் இடையே உள்வாய்ப் பக்கம் படிந்திருக்கும் மண். வேலை தொடங்கும் முன்பே மட்டக்குறிகளை நட்டு, முன்னும் பின்னும் அளந்து, அந்த இரு மட்டங்களுக்கு இடையே எவ்வளவு அள்ளப்பட்டது என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தப் பணியாக இருந்தால் அளவைப் புத்தகத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். வேலை முடிந்து தண்ணீர் நின்ற பிறகு கேட்டால் சரிபார்க்க வழி இருக்காது.

தினமும் காலையில் வெளியாகும் அணை நிலவரத்தில் உள்ள ‘நீர்வரத்து’ பெரும்பாலும் நேரடியாக அளந்த எண் இல்லை. இருப்பில் ஏற்பட்ட மாற்றத்தையும் வெளியேற்றத்தையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுவது. அதனால் வெளியேற்றத்தை அளப்பதில் பிழை இருந்தால் வரத்திலும் பிழை இருக்கும். அணைக்கு இப்படி என்றால் கிளைக்கால்வாய்களுக்குத் தினசரி எண்ணே பொதுவில் வருவதில்லை.

அதனால் இந்த ஆண்டு ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எங்கள் கிளைக்கால்வாயைச் சேர்ந்த ஊர்கள் சேர்ந்து கொடுத்திருக்கும் மனுவில் கூடுதல் தண்ணீர் கேட்கவில்லை. தலைமதகு, கிளைக்கால்வாயின் நடு, கடைமடை ஆகிய மூன்று இடங்களிலும் அளவுகோல் நட்டு, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அவற்றை ஓட்டத்தோடு ஒத்துப்பார்த்து, தண்ணீர் ஓடும் நாட்களில் மூன்று எண்களையும் ஒரே பலகையில் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பலகைக்கும் பெயின்டுக்கும் ஆகும் செலவைச் சங்கங்கள் ஏற்றுக்கொள்ளும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பலகை வருகிறதோ இல்லையோ, தண்ணீர் திறக்கும் நாளில் எங்கள் குச்சிகளும் தேங்காயும் நோட்டும் வாய்க்கால் கரையில் இருக்கும். எந்த ஊர்ச் சங்கத்தினரும் வந்து உடனிருந்து அளந்து பார்க்கலாம்.